மலரில் இடமில்லை என்று சொன்ன சங்க நிர்வாகிகளுக்கு

நிர்வாகக் குழுவினருக்கு,

குடியரசு தினப் பட்டிமன்றத்தின் தீர்ப்புரையை ஆண்டு மலரில் முழுசாகப் போடுவது, அதற்கு நான் எழுதிக் கொடுத்த நாலு பக்க மறுப்பைப் போடுவதில்லை என்று முடிவெடுத்திருப்பதாகச் செயலாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். காரணம் ஒரே வரி. மலரில் அரசியல் வேண்டாம் என்று குழு கருதுகிறதாம். ஜனவரி 26ஆம் தேதி, காலையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அதே மேடையில், சாயங்காலம் "ஐந்து வருஷத்துக்காவது நாட்டை ராணுவத்திடம் ஒப்படைத்தால்தான் உண்மையான ஜனநாயகம் வரும்" என்று தீர்ப்புச் சொன்னது அரசியல் இல்லை, வேண்டாம் என்று நான் எழுதினால் மட்டும் அரசியல். சரி, மலரில் இடமில்லை என்றால் எல்லா பிளாக்கும் படிக்கிற மாதிரி திறந்த மடலாகவே எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். தலைப்பு: நாடு உருப்படத் தேவை தேர்தலா, ராணுவமா? தேர்தல் அணியில் பேசியவர்கள் பாவம், மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பித்தார்கள். ராணுவ அணிக்குத்தான் விசில். ஓட்டுக்குப் பணம், பத்திரப் பதிவுக்கு லஞ்சம், போட்ட ரோட்டை மறுவாரமே தோண்டுவது, எல்லாம் வந்தது. "ஒரு மேஜரை நம்ம ஏரியாவுக்குப் போட்டுப் பாருங்க, ஒரு பய ரோட்டுல குப்பை போடுவானா?" என்றதும் பின்வரிசை எழுந்து நின்று தட்டியது. நடுவர் முடிவில் போர்ச்சுக்கலைச் சொன்னார். அங்கே ராணுவம்தான் ஜனநாயகத்தைக் கொண்டுவந்தது, துப்பாக்கி முனையில் பூவைச் செருகிக்கொண்டு வந்தார்கள், இங்கேயும் ஒரு நாள் வரட்டும் என்று முடித்தார். கைதட்டல் நிற்க ரொம்ப நேரமானது.

அப்பா மூன்றாவது வரிசையில் இருந்தார். 73 வயது. கைதட்டல் அடங்குவதற்குள் எழுந்து நடக்க ஆரம்பித்தார். பாத்ரூமைத் தேடுகிறார் என்று நினைத்து யாரோ ஒரு பையன், "அங்கிள், அந்தப் பக்கம்" என்று கை காட்டினான். அப்பா நேராக லிஃப்டுக்குப் போனார். நான் வீட்டுக்கு வந்து பார்த்தபோது விளக்குப் போடாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லையா என்று கேட்டேன். "அந்தப் பலகை ஞாபகம் வந்துடுச்சு" என்றார்.

நீங்கள் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த நாலு பக்கத்தில் பாதி அந்தப் பலகையின் கதைதான்.

என் தாத்தா இளையான்குடிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். பதினேழு வயதில் ரங்கூனுக்குக் கப்பலேறி, 1942இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது நடந்தே தப்பி ஊர் வந்து சேர்ந்து, சண்டை முடிந்ததும் மறுபடி போனவர். மொகல் தெருவுக்குப் பக்கத்தில் கடை. அரிசி, எண்ணெய், பருப்பு, கருவாடு, மொத்தமும் சில்லறையும். அப்பா பிறந்தது அந்தக் கடைக்கு மேலே இருந்த வீட்டில்தான்.

1958இல் பர்மா எப்படி இருந்தது என்று சொன்னால் நம்மூர் மாதிரியே இருக்கும். சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம், பிரதமர் ஊ நு நல்ல மனிதர்தான், ஆனால் கம்யூனிஸ்ட் கலகம், கரேன் இனத்தார் கலகம், ஊருக்கு வெளியே கொள்ளைக்காரர்கள், போதாக்குறைக்கு ஆளுங்கட்சியே இரண்டாக உடைந்தது. ஒரு அணி தன்னைத் 'தூய' கட்சி என்றது, இன்னொன்று 'நிலையான' கட்சி என்றது. (தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.) கடைசியில் ஊ நுவே தளபதி நே வின்னை அழைத்து, ஆறு மாதத்துக்குக் காபந்து அரசை நடத்துங்கள், தேர்தல் நடத்திக் கொடுங்கள் என்றார். அழைத்தார் என்பதெல்லாம் பெயருக்குத்தான், அழைக்காவிட்டால் பட்டாளமே வந்திருக்கும் என்றுதான் அன்றைக்கு ரங்கூனில் பேச்சு. 1958 அக்டோபர் கடைசியில் நே வின் பிரதமர் ஆனார்.

என் தாத்தாவுக்கு ஒரே சந்தோஷம். இதைத்தான் நான் உங்களிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அன்று கைதட்டியவர்களை நான் மட்டமாக நினைக்கவில்லை, என் தாத்தாவும் அந்தப் பின்வரிசையில் நின்று தட்டியிருப்பார். ராணுவம் வந்ததும் தெருவில் குப்பை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஊரையே திரட்டிக் கூட்டிப் பெருக்க வைத்தார்கள், தாத்தாவும் துடைப்பத்தோடு போயிருக்கிறார். ஊருக்குள் குடிசை போட்டிருந்த லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அப்படியே அள்ளி, ஒக்கலாப்பா, தக்கேட்டா என்று வெளியே புது ஊர்கள் உண்டாக்கி அங்கே இறக்கினார்கள். விலைவாசி இறங்கியது. கடைக்கு மாமூல் கேட்டு வந்தவன் காணாமல் போனான். விலையை எழுதிக் கடை வாசலில் மாட்ட வேண்டும் என்று சொன்னதால் தாத்தா தேக்கில் ஒரு பலகை செய்து கறுப்பு வார்னிஷ் அடித்து மாட்டினார். அவருக்குப் பர்மியப் பேச்சு வரும், எழுத்து வராது. அதனால் தினமும் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னால் ஏழு வயசு அப்பா ஸ்டூலில் ஏறி நின்று சுண்ணாம்புக்கட்டியால் அந்த வட்ட வட்ட எழுத்தில் விலை எழுதுவார். தப்பாக எழுதினால் வாடிக்கையாளர்களே சிரித்துக்கொண்டு திருத்துவார்களாம். "பட்டாளத்துக்காரன் வந்தாத்தாண்டா ஒழுங்கு" என்று தாத்தா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாராம்.

இன்னொன்று, தாத்தாவுக்கு அங்கே ஓட்டு கிடையாது. வெளிநாட்டவர் பதிவு அட்டை வைத்திருந்தவர். ஓட்டில்லாதவனுக்கு ஊ நு ஆண்டால் என்ன, நே வின் ஆண்டால் என்ன, தெரு சுத்தமாக இருக்கிறதா, கடைக்கு ஆள் வருகிறதா, அவ்வளவுதானே. நம் குடியிருப்பிலும் பாதிப் பேர் ஓட்டுப் போடும் நாளில் ஏற்காட்டில் இருக்கிறோம்.

ஆறு மாதம் என்று வந்தவர்கள் ஆறு மாதத்தில் போகவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர் அல்லாதவர் ஆறு மாதத்துக்கு மேல் அமைச்சராக இருக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தில் இருந்தது, அந்தச் சட்டத்தையே திருத்தினார்கள். ஆனால் 1960 பிப்ரவரியில் தேர்தலை நடத்தினார்கள், ஒழுங்காகவே நடத்தினார்கள். ராணுவத்துக்கு வேண்டிய 'நிலையான' கட்சி தோற்றது, ஊ நு பெரிதாக ஜெயித்தார், ஏப்ரலில் ஆட்சியை அவர் கையில் கொடுத்துவிட்டுப் பட்டாளம் பாசறைக்குத் திரும்பியது. உலகமே மெச்சியது. பார்த்தாயா, சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான் என்று தாத்தாவும் மெச்சினார்.

நடுவருக்கு இந்தக் கதை தெரிந்திருந்தால் போர்ச்சுக்கலை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லியிருப்பார். ஜனநாயகத்துக்கு உதவ ராணுவம் வந்தது, ஊரைச் சுத்தம் செய்தது, தேர்தல் நடத்தியது, போய்விட்டது. இதைவிட நல்ல உதாரணம் எங்கே கிடைக்கும்?

என் சண்டையே அந்த நல்ல உதாரணத்தோடுதான். அந்தப் பதினெட்டு மாதத்தில் ஊர் சுத்தமானது மட்டும் நடக்கவில்லை, பட்டாளம் பாடம் படித்தது. அமைச்சகங்களை எப்படி ஓட்டுவது, துறைமுகத்தை எப்படி ஓட்டுவது, வியாபாரத்தை எப்படிக் கட்டுப்படுத்துவது என்று எல்லாம் கைக்குப் பழகிவிட்டது. உள்ளே வந்தால் ஜனங்கள் கைதட்டுவார்கள் என்று தெரிந்துகொண்டார்கள். அதோடு, இவ்வளவு செய்துகொடுத்த பிறகும் பெட்டியைத் திறந்தால் ஜனங்கள் தங்களுக்கு வேண்டிய கட்சிக்குப் போடுவதில்லை என்பதையும் தெரிந்துகொண்டார்கள். அடுத்த தடவை வந்தால் பெட்டியைத் திறக்கவே கூடாது என்று அதிலிருந்துதான் புத்தி வந்தது. கெட்ட ராணுவ ஆட்சிக்கு ஒத்திகை பார்த்துக்கொடுத்தது அந்த நல்ல ராணுவ ஆட்சிதான்.

அடுத்த தடவை வருவதற்கு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. 1962 மார்ச் 2ஆம் தேதி விடியற்காலையில் வந்தார்கள், இந்த முறை யாரும் அழைக்கவில்லை. ஷான் மாநிலத் தலைவர்கள் கூட்டாட்சி கேட்கிறார்கள், நாடு சிதறப் போகிறது, காப்பாற்ற வந்திருக்கிறோம் என்றார்கள். ஊ நு கைது, அமைச்சர்கள் கைது, தலைமை நீதிபதி கைது. சுதந்திர பர்மாவின் முதல் குடியரசுத் தலைவராக இருந்த சாவ் ஷ்வே தைக்கைக் கைதுசெய்யப் போன இடத்தில் அவருடைய 17 வயது மகன் சுட்டுக் கொல்லப்பட்டான், அவரும் அந்த வருஷமே சிறையில் இறந்தார். அப்போதும் ரங்கூனில் பெரிதாக யாரும் தெருவுக்கு வரவில்லை. ஏன் வருவார்கள்? போன தடவை வந்தவன்தானே, தெருவைக் கூட்டிவிட்டுத் தேர்தல் நடத்திவிட்டுப் போய்விடுவான். ஜூலை 7ஆம் தேதி ரங்கூன் பல்கலைக்கழகத்தில் போராடிய மாணவர்களைச் சுட்டார்கள், மறுநாள் காலை மாணவர் சங்கக் கட்டிடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அந்தச் சத்தம் தாத்தா வீடு வரைக்கும் கேட்டதாம். அதற்கப்புறம்தான் தாத்தா 'ஒழுங்கு' என்ற வார்த்தையைக் குறைத்துக்கொண்டார் என்பார் அப்பா.

1964 மார்ச்சில் ரங்கூனில் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். காலையில் நாலு பேர் வந்தார்கள், இரண்டு பேர் சீருடையில். கணக்குப் புத்தகம், சாவி, கல்லாப்பெட்டி எல்லாவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு தாத்தாவிடம் கையெழுத்துக் கேட்டார்கள். அவர் தமிழில் போட்டார். அன்றைய விலையை அப்பா பலகையில் எழுதி அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது. சீருடைக்காரர் ஒருவர் அதைக் கழற்றி, சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு, சுண்ணாம்புக்கட்டியை அப்பாவிடமே நீட்டி, மக்கள் கடை என்று எழுதச் சொன்னார், கீழே ஒரு எண்ணும் சொன்னார். பன்னிரண்டு வயசு. "என் கையெழுத்து அழகா இருக்குன்னு பாராட்டினான்" என்பார் அப்பா, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நிறுத்திவிடுவார்.

மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தாத்தா அரிசி டின்னுக்குள் வைத்திருந்தது எல்லாம் நூறு ரூபாய்த் தாள்கள்தான். (கியாட்டையும் ரூபாய் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வது.) அதற்கப்புறம் கப்பல். துறைமுகத்தில் பாட்டியின் காதில் கிடந்ததைக்கூடக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். அந்த வருஷங்களில் அங்கிருந்து சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள் என்று கணக்குச் சொல்வார்கள், அதில் பெரும்பங்கு தமிழர்கள். காரைக்குடியிலும் திருச்சியிலும் இருக்கிற பர்மா காலனிகள் யாரோ ஆசைப்பட்டு வைத்த பெயர் இல்லை. பாரிமுனையில் பர்மா பஜார் பக்கம் நின்று அத்தோ நூடுல்ஸ் சாப்பிடுகிறோமே, முட்டையும் பொரித்த பேஜோவும் போட்டு, அந்தத் தள்ளுவண்டிக்குப் பின்னால் இருப்பது இதே கதைதான். சிலருக்கு இந்த ஊர் ஒட்டவில்லை, மணிப்பூர் வழியாகத் திரும்பப் போகப் பார்த்தார்கள், எல்லை தாண்ட முடியாமல் எல்லை ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டார்கள், இன்றைக்கும் அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

நே வின் 1988 வரைக்கும் இருந்தார். ஆறு மாதத்துக்கு என்று அழைக்கப்பட்டவர். அவர் போன பிறகும் பட்டாளம் போகவில்லை. 1988இல் ஊரே தெருவுக்கு வந்தது, சுட்டுத் தள்ளினார்கள். 1990இல் தேர்தல் வைத்தார்கள், 485 இடங்களில் 392ஐ ஆங் சான் சூச்சியின் கட்சி ஜெயித்தது, ஆட்சியைக் கொடுக்கவில்லை. 2008இல் நர்கிஸ் புயல் அடித்துப் பிணங்கள் ஆற்றில் மிதந்துகொண்டிருந்த அந்த வாரத்திலேயே அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பை ஆரம்பித்து, 92 சதவீதம் ஆதரவு என்று அறிவித்தார்கள். அந்தச் சட்டத்தில் நாடாளுமன்றத்தின் கால்வாசி இடம் ராணுவத்துக்கு, பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் என்று மூன்று அமைச்சகம் ராணுவத்துக்கு, சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் முக்கால் பங்குக்கு மேல் ஓட்டு வேண்டும். கால்வாசியை நீங்களே வைத்துக்கொண்டு முக்கால்வாசிக்கு மேல் கேட்டால் எப்படித் திருத்துவது? கணக்குத் தெரிந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள்.

அப்படியும் பயம் போகவில்லை. 2020 நவம்பரில் மறுபடி சூச்சி கட்சி 476இல் 396 இடம் ஜெயித்தது. 2021 பிப்ரவரி 1ஆம் தேதி, புது நாடாளுமன்றம் கூட வேண்டிய நாளன்றே ராணுவம் வந்தது. வாக்காளர் பட்டியலில் மோசடி, ஜனநாயகத்தைக் காப்பாற்ற வந்தோம், ஒரு வருஷத்தில் தேர்தல் என்றார்கள். அந்த ஒரு வருஷம் 2025 ஜூலை வரை நீண்டது. அந்த டிசம்பர் கடைசியில் தேர்தல் என்று ஒன்றைக் கட்டம் கட்டமாக ஆரம்பித்தபோது, ஜெயித்த கட்சி களத்திலேயே இல்லை, அதை 2023இலேயே கலைத்தாயிற்று.

அப்பாவின் தங்கை கல்யாணமாகி அங்கேயே தங்கிவிட்டவர். 2021 பிப்ரவரியில் அத்தை போன் செய்தபோது பின்னால் ஒரே தகர சத்தம். ராத்திரி எட்டு மணி ஆனால் எல்லா வீட்டிலும் சட்டி, தட்டு, மூடி எது கிடைக்கிறதோ அதைத் தட்டுகிறார்களாம், பேய் ஓட்டுவதற்கு அங்கே அப்படித் தட்டுவது வழக்கம். அத்தை இட்லிக் குண்டானைத் தட்டியதாகச் சொன்னார். சிரித்தோம். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயது. அத்தையின் பேரனுக்கு 19. ஒரு ராத்திரி பஸ் ஏறித் தாய்லாந்து எல்லைக்குப் போனான். இப்போது அத்தை போனில் அவனைப் பற்றிப் பேசுவதில்லை. மழை பெய்ததா, என்ன சமையல் என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். அங்கே வீடு வாசலை விட்டு ஓடியவர்கள் மட்டும் 30 லட்சத்துக்கும் மேல் என்கிறது ஐ.நா.

இனி போர்ச்சுக்கல். நடுவர் சொன்னது பொய் இல்லை. 1974 ஏப்ரல் 25ஆம் தேதி இளம் கேப்டன்கள் லிஸ்பனில் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தார்கள், ஜனங்கள் துப்பாக்கிக் குழாயில் சிவப்புப் பூ செருகினார்கள், சரியாக ஒரு வருஷம் கழித்து அதே ஏப்ரல் 25இல் தேர்தல் நடந்தது, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் வந்து ஓட்டுப் போட்டார்கள். ராணுவப் புரட்சி ஜனநாயகத்துக்கு உதவவே உதவாது என்று நான் சொன்னால் இந்த ஒன்றே என்னை அடித்துவிடும். அதனால் சொல்லவில்லை. ஆனால் அவர் பாதிக் கதையைத்தான் சொன்னார். அந்தக் கேப்டன்கள் கவிழ்த்தது என்ன? தேர்தலில் ஜெயித்து வந்த ஆட்சியை இல்லை. 48 வருஷ சர்வாதிகாரத்தை. அந்தச் சர்வாதிகாரம் எப்படி வந்தது? 1926 மே மாதம், கட்சிக்காரர்கள் சண்டை தாங்கவில்லை, நாட்டைச் சரிசெய்கிறோம் என்று ராணுவம் உள்ளே வந்ததில் இருந்துதான் வந்தது. தாத்தா தலைமுறையில் உள்ளே வந்த பட்டாளத்தின் மிச்சத்தைப் பேரன் தலைமுறைப் பட்டாளம் வெளியேற்றியது. அதுவும் அவர்கள் அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் கினியிலும் முடிவே இல்லாத காலனிப் போரில் செத்து வெறுத்துப் போயிருந்ததால். அப்படியும் 1975 நவம்பரில் பட்டாளத்துக்குள்ளேயே மோதல் வந்து மயிரிழையில் தப்பினார்கள், ராணுவ அதிகாரிகளின் புரட்சிக் கவுன்சிலை ஒழித்து முழுசாகச் சிவில் ஆட்சி ஆக 1982 ஆனது.

பூட்டிய வீட்டின் பூட்டை உடைத்துவிட்டவர்கள் அவர்கள். நீங்கள் கேட்பது, திறந்து கிடக்கிற நம் வீட்டைப் பூட்டிச் சாவியை ஐந்து வருஷத்துக்கு அவர்கள் கையில் கொடுப்பதை. இரண்டுக்கும் ராணுவப் புரட்சி என்று ஒரே பெயர் இருப்பதுதான் குழப்பம். பக்கத்துப் பாகிஸ்தானில் 1977இல் ஜியா உல் ஹக் 90 நாளில் தேர்தல் என்று சொல்லித்தான் வந்தார், 1988இல் விமான விபத்தில் செத்தபோதும் ஆட்சியில் அவர்தான். எகிப்தில் 2013இல் கெய்ரோவில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்று ராணுவத்தைக் கூப்பிட்டார்கள், ஜூலையில் வந்தது, ஆகஸ்டில் அங்கே ராபா சதுக்கத்தில் ஒரே நாளில் நூற்றுக்கணக்கானவர்கள் சுடப்பட்டார்கள், கூப்பிட்டவர்களிலேயே பலர் அப்புறம் ஜெயிலுக்குப் போனார்கள். போதும், இந்தப் பட்டியல் நீளும்.

பட்டிமன்றத்தில் ஒருவர்கூடக் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த மேஜர் தப்புச் செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது? போன வருஷம் வடிகால் அடைத்து ஏ பிளாக் பார்க்கிங்கில் முழங்கால் தண்ணீர் நின்றதே, பதினேழு பேர் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நின்று கத்தினோம், அவர் லுங்கியோடு வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார், அப்படியும் மூன்று மாதம் இழுத்தடித்துத்தான் சரிசெய்தார்கள். எரிச்சலான மூன்று மாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லுங்கியோடு வெளியே வந்தாரே, ஏன் வந்தார்? அடுத்த தேர்தலில் நாம் வேண்டும். என் தாத்தாவின் கடைக்கு வந்த அந்த நாலு பேருக்குத் தாத்தா எதற்கும் தேவைப்படவில்லை.

அன்று கைதட்டாத இன்னொருவரையும் கவனித்தேன். டி பிளாக்கில் ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார். கீழே வாக்கிங்கில் பார்த்தபோது கேட்டேன். "எங்களுக்கு எதிரியைச் சுடத்தான் சார் கத்துக்கொடுத்தாங்க. ஊருக்குள்ள கொண்டுவந்து விட்டா, யாரை எதிரின்னு நினைப்போம்?" என்றார். அவரையும் ஒரு அணியில் பேசக் கூப்பிட்டிருக்கலாம். ராணுவ ஆட்சி வேண்டும் என்று பேசிய நாலு பேரில் ஒருவர் துணிக்கடை, இரண்டு பேர் ஐ.டி., ஒருவர் பேங்க்.

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கோபப்பட்டாலும் பரவாயில்லை. பராமரிப்புப் பணச் சண்டையில் பழைய குழு ராஜினாமா செய்தபோது, ஆறு மாதத்துக்குத் தற்காலிகக் குழுவாக வந்தவர்கள் நீங்கள். லிஃப்ட் ஓடுகிறது, தண்ணீர் லாரி நேரத்துக்கு வருகிறது, கணக்கிலும் குறை இல்லை. நானே பலரிடம் உங்களை மெச்சியிருக்கிறேன், என் தாத்தா மாதிரியே. ஆறு மாதம் இப்போது இரண்டே கால் வருஷம் ஆகிவிட்டது. மலரில் எது வரலாம், எது வரக் கூடாது என்று நீங்களே முடிவெடுத்து ஒரு வரியில் சொல்லி அனுப்பும் இடத்துக்கும் வந்துவிட்டோம்.

நான் கேட்பது இவைதான்.

தீர்ப்புரையைத் தாராளமாகப் போடுங்கள், அதை எடுக்கச் சொல்லவில்லை. அதற்கு அடுத்த பக்கத்திலேயே என் மறுப்பையும் வெட்டாமல் போடுங்கள். நாலு பக்கம் அதிகம் என்றால் இரண்டாகச் சுருக்கித் தருகிறேன், ஆனால் சுருக்குவது நான்தான். முடியாது என்றால், அரசியல் வேண்டாம் என்ற விதி எந்தக் கூட்டத்தில், எத்தனை பேர் இருந்தபோது நிறைவேறியது என்று தீர்மானத்தின் நகலைக் காட்டுங்கள்.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருஷம் ஒரு முறை கூட்டியே ஆக வேண்டும், இரண்டு வருஷமாகக் கூடவில்லை. அந்தக் கூட்டத்திலேயே நிர்வாகிகள் தேர்தலுக்குத் தேதி வையுங்கள். நீங்களே மறுபடி நின்றால் என் ஓட்டு உங்களுக்குக் கிடைக்கக்கூட வாய்ப்பிருக்கிறது.

ஏப்ரல் 14 சித்திரை விழாவில் அப்பாவுக்குப் பத்து நிமிஷம் கொடுங்கள். அதே நாட்களில்தான் பர்மாவிலும் புத்தாண்டு, தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள், அதையும் சேர்த்துப் பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். பட்டிமன்றம் வேண்டாம், எதிரணி வேண்டாம். மைக்கும் ஒரு நாற்காலியும் போதும், அவருக்கு முழங்கால் வலி, நின்று பேச முடியாது. சுபேதாரையும் கூப்பிடுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பதில் வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரியாக வேண்டாம். கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் இருக்கிற நோட்டீஸ் போர்டில், குழுவில் இருக்கும் எல்லோரும் கையெழுத்துப் போட்டு ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
சி பிளாக்கில் குடியிருக்கும் சங்க உறுப்பினர்